பச்சைமலைக்கு மருந்து ஏறிய கணக்கு

துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாகப் பச்சைமலை ஏறினால் கோம்பை, தென்பரநாடு, வண்ணாடு ஊராட்சிகளின் சிற்றூர்கள் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். அங்குள்ள அரசு சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், அது அரசு வழங்கும் மருந்து, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். நம்மில் பலர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம்.

அந்த அட்டையை எந்தக் கம்பெனியிடம் வாங்குவது, எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எந்த ஊருக்கு எத்தனை அனுப்புவது என்ற முடிவுகளில் பெரும்பாலானவற்றை எந்த அதிகாரியும் உட்கார்ந்து யோசித்து எடுப்பதில்லை. முன்கூட்டியே எழுதி வைத்த விதிகள் எடுக்கின்றன. கணினி அந்த விதிகளை ஓட்டுகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இப்போது இதற்கென்றே மென்பொருள் விற்கின்றன. ‘ரூல்ஸ் என்ஜின்’, அதாவது விதிப்பொறி என்று அதற்குப் பெயர். பெயர் தெரியாமலே தமிழ்நாடு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த மாதிரி ஒன்றைக் கட்டி, மாத்திரை வாங்கப் பயன்படுத்தியது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்லில் எழுதிய மருந்துப் பட்டியல்

மருந்து வாங்க விதி எழுதுவது நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் பக்கம் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கு வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுபவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஆள்கணக்கு அதில் இருக்கிறது. அதோடு ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும் இருக்கின்றன. தசமூல அரீதகி, வாசா அரீதகி, கல்யாண லவணம் என்று பட்டியல் போகிறது.

நம் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலிலும் ஆரோக்கியசாலை இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. தன்வந்திரி சந்நிதிக்குப் போகிறவர்கள் அதை நினைத்துக்கொள்ளலாம்.

திருமுக்கூடல் கல்லை ஓர் எழுத்தர் கண்ணால் பார்த்தால் ஒன்று புரியும். இன்ன மருந்து, இவ்வளவு என்று கல்லில் வெட்டியாகிவிட்டது. வைத்தியர் மாறினாலும், பண்டாரத்தைப் பார்ப்பவர் மாறினாலும், பட்டியல் மாறாது. தனக்கு வேண்டிய வியாபாரியிடம் வேண்டாத சரக்கை வாங்கி நிரப்ப வழி குறைவு.

கோப்பும் கொட்டேஷனும்

நான் 1970களில் அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்தபோது கொள்முதல் என்பது முழுக்க முழுக்கக் காகிதம். கீழ் அலுவலகத்திலிருந்து தேவைப் பட்டியல் வரும். அதற்கு நாம் இண்டெண்ட் என்று சொல்வோம். மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். ஃபூல்ஸ்கேப் தாளில் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, குறைந்த விலைக்காரர் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு இட்டு, நோட் எழுதி மேலே அனுப்ப வேண்டும். விதி அப்போதும் இருந்தது. அதைச் செலுத்துவது மனிதர்கள் கையில் இருந்தது.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில் மூன்று வெவ்வேறு கடைகளின் கொட்டேஷன்கள் வரும். மூன்றிலும் தட்டச்சின் ஒரே எழுத்து ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே மிஷினில் அடித்தது என்பது பார்த்தாலே தெரியும். அதை நோட்டில் குறித்து அனுப்பினால், கோப்பு ‘பேசவும்’ என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும். பேசிய பிறகு என்ன நடக்கும் என்பதை அரசு வேலை பார்த்த நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மார்ச் மாதம் வந்தால் பணம் காலாவதியாகிவிடுமே என்று கையில் அகப்பட்டதை வாங்குவார்கள். ஜூலையில் வேண்டியது இருக்காது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் நாம் ‘கண்ட்ரோல்’ என்று சொல்கிறோமே, அது பிரெஞ்சின் ‘கோந்த்ரோல்’. பழைய பிரெஞ்சில் ‘கோந்த்ர் ரோல்’: ‘ரோல்’ என்றால் பதிவேடு, ‘கோந்த்ர்’ என்றால் எதிர். ஒருவர் எழுதும் கணக்குக்கு எதிராக இன்னொருவர் தனியாக எழுதி வைக்கும் பதிவேடு, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பது, இதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள். ஆளை அதட்டுவது பிற்பாடு வந்து சேர்ந்த பொருள். நான் பார்த்த ஸ்டோர்களில் அதட்டல் நிறைய இருந்தது. எதிர்ப்பதிவேடுதான் இல்லை.

பம்பாயில் 14 உயிர்கள்

1986ன் தொடக்கத்தில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்தார்கள். மருந்தாகக் கொடுத்த கிளிசராலில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் கலந்திருந்தது. நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது. மருந்து வாங்கும் முறை, சோதிக்கும் முறை, உரிமம் கொடுக்கும் முறை எல்லாவற்றிலும் ஓட்டை இருந்தது வெளியே வந்தது. குறைந்த விலைக்கு வாங்கு என்ற ஒற்றை விதி மட்டும் இருந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டில் இதைவிடக் கசப்பான பாடம் கிடையாது.

தமிழ்நாட்டில் அப்போது சுகாதாரத் துறையின் தனித்தனிப் பிரிவுகள் தனித்தனியாக மருந்து வாங்கின. ஓரிடத்தில் காலாவதியாகிக் கிடக்கும் மருந்து இன்னோரிடத்தில் கிடைக்காது. புகார்கள் மலிந்த நிலையில், 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவானது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதன் அமைப்பை வகுத்தவர்களில் முதன்மையானவர் பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ்.

அந்தக் கழகம் வகுத்த விதிகளை நம் கோப்பு மொழியில் எழுதிப் பார்க்கிறேன்.

பட்டியலில் உள்ள அத்தியாவசிய மருந்தைத்தான் வாங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1977ல் முதல் மாதிரிப் பட்டியலை வெளியிட்டது; நம்முடையதும் அந்த வழியில் சில நூறு பெயர்களுக்குள் அடங்கியது. பிராண்ட் பெயருக்கு இடமில்லை, மருந்தின் பொதுப்பெயர் மட்டுமே.

டெண்டர் இரண்டு உறைகளில் வர வேண்டும். ஒன்றில் தகுதி, இன்னொன்றில் விலை. தயாரிப்பு முறை, விற்றுமுதல், சந்தையில் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதில் தேறாதவருடைய விலை உறை பிரிக்கப்படாது. தேறியவர்களில் குறைந்த விலைக்காரருக்கு ஆணை. அவரால் முழுவதும் கொடுக்க முடியாவிட்டால், அதே விலைக்கு ஒத்துக்கொள்கிற அடுத்தவருக்கும் பங்கு உண்டு.

கம்பெனியிலிருந்து வந்த சரக்கை உடனே கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, சங்கேத எண் போட்டுத் தனி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தேறியது என்று அறிக்கை வந்தால்தான் கிடங்கின் பூட்டு திறக்கும். ஆய்வு செய்பவருக்கு யாருடைய மருந்து என்றே தெரியாது. நம் ஊரில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி.

மாவட்டக் கிடங்குகளில் சுமார் மூன்று மாதத் தேவைக்கு இருப்பு வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஆணை கிளம்ப வேண்டும். கிடங்குகளின் இருப்புக் கணக்கு கணினி வழியே சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. 1995ல் பல அரசு அலுவலகங்களில் கணினி துணி போர்த்தி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர்கள் நாம்.

கடைசியாக, பாஸ் புத்தகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று வரம்பு. வங்கிக் கணக்குபோல, எடுக்க எடுக்கப் புத்தகத்தில் கழியும். கிடங்கிலும் அதே வரவு செலவு தனியாக இருக்கும். நான் சொன்ன எதிர்ப்பதிவேடு இதுதான். மலைமேல் உள்ள சிறிய நிலையத்தின் பங்கைத் திருச்சியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி அள்ளிக்கொள்ள முடியாது. சிபாரிசு பிடித்து முன்னால் வாங்கிப் போக வேண்டிய அவசியமும் குறைந்தது.

அமெரிக்காவிலும் ஒரு சேலம்

இதே காலகட்டத்துக்குச் சற்று முன் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பேரன் உதவியால் படித்தேன். டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினிக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் ஆர்டர் வந்தால், எந்தப் பாகத்தோடு எந்தப் பாகம் சேரும் என்று சரிபார்ப்பது பெரிய தலைவலி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஜான் மெக்டெர்மட் அதற்கு ‘இப்படி இருந்தால், இப்படிச் செய்’ என்ற விதிகளாகவே ஒரு நிரல் எழுதினார். எக்ஸ்கான் என்று பெயர். 1980ல் அந்தக் கம்பெனியின் சேலம் ஆலையில் ஓடத் தொடங்கியது. நம் சேலம் அல்ல, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சேலம்.

ஆயிரம் விதிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் கணினி திணறும். அதே பல்கலைக்கழகத்து சார்லஸ் ஃபோர்ஜி, மாறிய தகவல் எந்த விதிகளைத் தொடுகிறதோ அவற்றை மட்டும் தட்டி எழுப்பும் வழி ஒன்றைக் கண்டார். அதற்கு ‘ரெட்டே’ என்று பெயர். லத்தீனில் வலை. பிரெஞ்சில் வலைக்கு ‘ரே’ என்று ஒரு பழைய சொல் உண்டு, அதற்கும் இதுதான் வேர். மீன் ஓரிடத்தில் பட்டால் அந்தப் பக்கத்துக் கயிறு மட்டும் அசைகிறது அல்லவா, அதுபோல. இன்று கம்பெனிகளின் கொள்முதல் மென்பொருளில், இந்தத் தொகைக்கு மேல் போனால் மேலாளர் ஒப்புதல், இந்தச் சரக்குக்கு இந்த ஒப்பந்தக்காரர் என்று முடிவெடுக்கும் பல பொறிகளுக்கு இந்த வலைதான் அடிப்படை.

எக்ஸ்கான் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து வருவது. சில நூறு விதிகளில் தொடங்கியது, ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. புதுப் புதுக் கணினி வரவர, ஆண்டுதோறும் விதிகளில் கணிசமான பகுதியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆளைக் குறைக்க வந்த பொறி, விதியைப் பராமரிக்கவே ஒரு கூட்டத்தைக் கேட்டது.

விதிக்கு எட்டாத இடம்

பச்சைமலைக்குத் திரும்புவோம். கடந்த ஆண்டு செலவான அளவை வைத்து இந்த ஆண்டுத் தேவையைக் கணக்கிடுவது கொள்முதலில் வழக்கம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் போன ஆண்டு ஒரு மருந்து இருப்பில் இல்லாததால் நோயாளி மலையிறங்கித் துறையூர் போனார் என்று வையுங்கள். ஏட்டில் செலவு பூஜ்யம். விதி அதைப் படித்துவிட்டு, இங்கே இந்த மருந்து தேவையில்லை என்று முடிவு கட்டும். இல்லாமை தேவையின்மையாக எழுதப்பட்டுவிடும்.

பாம்புக்கடி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த ஒரே மருந்து அது. ஆண்டு முழுவதும் ஒரு குப்பிகூடத் திறக்காமல் போகலாம். ஒரு மழைக்கால இரவில் பத்துக் குப்பி வேண்டியிருக்கும். சராசரி பார்க்கும் கணக்குக்கு இது பிடிபடாது. மலைப்பாதை மண் சரிந்தால் மூன்று மாத இருப்பு கீழே கிடங்கில் இருந்து என்ன பயன்?

இதை அந்த அமைப்பை வகுத்தவர்கள் யோசித்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு மரியாதை தருகிறது. மருந்துக்கான பணத்தில் சுமார் 90 சதவீதம் கழகத்தின் வழியே போக வேண்டும், 10 சதவீதத்தை அவசரத்துக்கு மருத்துவமனையே உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அந்த 10 சதவீதம், நேரில் பார்க்கிறவருடைய புத்திக்காக விதியே ஒதுக்கிக் கொடுத்த இடம். 90 சதவீதத்தில் மனிதர்களுக்கு இடம் கொடுத்திருந்தால் ஒரே மிஷினில் அடித்த மூன்று கொட்டேஷன் வந்திருக்கும். 10 சதவீதத்தையும் பிடுங்கியிருந்தால் மருத்துவர் கை கட்டி நின்றிருப்பார்.

பிறகு வந்தவை

டெண்டர் விதிகள் பிற்பாடு சட்டமாகவே வந்தன. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2000ல் வந்தன. எந்த அளவுகோலால் மதிப்பிடப் போகிறோம் என்பதை டெண்டர் ஆவணத்திலேயே முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் உயிர். கேரளமும் ராஜஸ்தானும் நம் கழகத்தைப் பார்த்துத் தங்களுடையதை அமைத்தன. ராஜஸ்தானில் 2011 காந்தி ஜெயந்தியன்று இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. மத்திய அரசு 2016ல் ‘ஜெம்’ என்ற இணையச் சந்தையைத் திறந்து, அடுத்த ஆண்டே பழைய கொள்முதல் இயக்குநரகத்தை மூடியது. நாற்காலி, காகிதம், கார் வாடகை எல்லாம் அதில்தான். குறைந்த விலைக்காரரை இப்போது திரை காட்டுகிறது, சிவப்பு மை தேவையில்லை.

எழுத்தர் வேலை போய்விட்டதே என்று சில பழைய நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. கோடு போட்டுக் கூட்டிக் கழித்த வேலை பொறிக்குப் போனதில் நட்டம் ஒன்றும் கிடையாது. கேட்க வேண்டியது வேறு. இன்றைக்கு ஓடுகிற விதியை எழுதியவர் யார்? அதை நோயாளியும் கிராமத்து செவிலியரும் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா? மலைமேல் ஏதோ தவறிப்போனால், விதியைத் திருத்து என்று யாரிடம் சொல்வது? பழைய காலத்தில் கோபப்பட ஒரு மேசையும் அதன் பின்னால் ஒரு முகமும் இருந்தன. ‘சிஸ்டத்தில் வரவில்லை சார்’ என்ற பதிலுக்கு முகம் இல்லை.

திருமுக்கூடல் பட்டியல் கோயில் கல்லிலேயே இருந்தது. எழுத்தறிந்தவர் எவரும் நின்று படிக்கலாம். பொறிக்குள் போன விதியும் அப்படி நின்று படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அதை ஆண்டுக்கொருமுறை எடுத்துத் திருத்த ஒரு பொறுப்பாளர் வேண்டும். பத்தில் ஒரு பங்கை, எதிரில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கையில் விட்டுவைக்க வேண்டும். இவை இருந்தால் மருந்து மலையேறும்.