புவிக் காந்தப்புலத்தின் தொல்வரலாறு

புவியின் காந்தப்புலம் குறைந்தது 340 கோடி ஆண்டுகளாக இருந்துவருகிறது. பழம்பாறைகளைக் கொண்டு அதன் திசையையும் வலிமையையும் ஆராயும் துறை தொல்காந்தவியல் எனப்படும்.

காந்தப்புலம் பிறக்கும் இடம் புவியின் வெளிக்கரு. ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் இந்த அடுக்கில் உருகிய இரும்பு ஓயாமல் மேலும் கீழும் புரள்கிறது. புவியின் சுழற்சி அந்தப் புரளலை முறுக்கி ஒழுங்குபடுத்துகிறது. மின்கடத்தியான அத்திரவம், இருக்கும் காந்தப்புலத்தின் ஊடே நகர்வதால் மின்னோட்டம் உண்டாகிறது; அம்மின்னோட்டம் புலத்தை அழியாமல் காக்கிறது. புரளல் நின்றுவிட்டால் சில பத்தாயிரம் ஆண்டுகளில் புலம் தேய்ந்துபோகும். எனவே ஒரு பழம்பாறையில் கிடைக்கும் காந்தத் தடயம், அன்று புவிக்கருவில் இரும்பு புரண்டுகொண்டிருந்ததற்கும் சாட்சி.

பாறையில் பதிவாகும் விதம்

எரிமலைக் குழம்பு ஆறிவரும்போது, வெப்பம் 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும், அதிலுள்ள மாக்னடைட் என்னும் காந்தக் கனிமத்தின் துகள்கள் அன்றைய புலத்தின் திசையை ஏற்று நிலைபெறுகின்றன. ஏரியிலும் கடலிலும் படியும் வண்டலிலும் காந்தத் துகள்கள் புலத்தின் போக்கிலேயே திரும்பிப் படிகின்றன. பின்னாளில் பாறை மீண்டும் கடுமையாகச் சூடானால் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். இத்துறையின் பெரும்பாலான சச்சரவுகளுக்கு இதுவே வேர்.

பதிவான திசையில் இடக்குறிப்பும் அடங்கியிருக்கிறது. தடையின்றித் தொங்கும் காந்த ஊசி, காந்த நடுக்கோட்டில் கிடையாக நிற்கும். துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகச் சாயும். பாறையில் உறைந்த சாய்வை அளந்தால், அது உருவான அட்சரேகையைக் கணக்கிடலாம்.

இந்த முறை இந்தியாவைப் பற்றிச் சொன்ன செய்தி வியப்பானது. சுழலும் எந்தப் பொருளும் காந்தமாகும் என்ற தம் கருதுகோளைச் சோதிக்க, பிரித்தானிய இயற்பியலாளர் பிளாக்கெட் மிக நுண்ணிய காந்தமானி ஒன்றைச் செய்தார். கருதுகோள் பொய்த்துப்போனது. அந்தக் கருவியோ பாறைகளை அளக்கப் பயன்பட்டது. கிளெக் முதலான ஆய்வாளர்கள் தக்காண எரிமலைப் பாறைகளை அளந்து 1956-இல் வெளியிட்ட முடிவு, இந்தியா ஒருகாலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததைக் காட்டியது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான அப்பாறைகள், தெற்கு அட்சரேகை 30 டிகிரி அளவில் பிறந்தவை. கண்ட நகர்வைப் பலரும் ஏற்காத காலம் அது.

துருவ மாற்றங்கள்

1906-இல் பெர்னார் புரூன், நடு பிரான்சில் எரிமலைக் குழம்பின் அடியில் சுட்டுப்போன களிமண்ணில், இன்றைய திசைக்கு நேர் எதிரான காந்தத்தைக் கண்டார். 1929-இல் ஜப்பானின் மொட்டொநொரி மட்டுயாமா, தலைகீழ்க் காந்தம் கொண்ட பாறைகள் குறிப்பிட்ட ஒரு காலத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். ஆயினும் புவியின் புலமே திசை மாறியது என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலோர் நம்பவில்லை. சில கனிமங்கள் தாமாகவே எதிர்த்திசையில் காந்தமேறும் என்பது ஆய்வகத்தில் தெரிந்திருந்ததால், அந்த ஐயத்துக்கு நியாயமும் இருந்தது.

1960களில் அமெரிக்காவில் ஆலன் காக்ஸ், ரிச்சர்டு டோல், பிரென்ட் டால்ரிம்பிள் ஆகியோரும், ஆஸ்திரேலியாவில் இயன் மெக்டூகலும் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் எரிமலைப் பாறைகளின் வயதைக் கணித்தனர். ஒரே வயதுப் பாறைகள் எந்த நாட்டில் கிடைத்தாலும் ஒரே திசையையே காட்டின. துருவங்கள் உண்மையிலேயே இடம் மாறியுள்ளன என்பது ஐயமற உறுதியாயிற்று. கடலடித்தளத்தில், நடுக்கடல் மலைத்தொடரின் இருபுறமும் ஒத்தமைந்த காந்த வரிகளைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வைனும் மேத்யூசும் 1963-இல் இதைக் கொண்டே விளக்கினர்.

கடைசி மாற்றம் சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மாற்றங்களுக்குக் கால ஒழுங்கு கிடையாது. கிரெட்டேசியக் காலத்தில், 12 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ 3.7 கோடி ஆண்டுகள் புலம் திசை மாறவே இல்லை. சில நேரங்களில் புலம் தடுமாறிப் பழைய நிலைக்கே திரும்பும். சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முந்தைய லஷாம்ப் நிகழ்வு அத்தகையது. அப்போது புலம் வெகுவாக மெலிந்தது.

மிகப் பழைய சான்றுகள்

தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதிப் பாறைகள், சுமார் 345 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வலிமையில் 50 முதல் 70 சதவீதம் கொண்ட புலம் இருந்ததைக் காட்டுகின்றன. கிரீன்லாந்தின் இசுவா இரும்புப் பாறைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு, 370 கோடி ஆண்டுகளுக்கு முன்பே குறைந்தது 15 மைக்ரோடெஸ்லா புலம் இருந்ததாகச் சொல்கிறது. இன்று நடுக்கோட்டுப் பகுதியில் அது சுமார் 30 மைக்ரோடெஸ்லா.

இதற்கும் அப்பால் செல்லும் கூற்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியின் சிர்க்கான் என்னும் கனிமப் படிகங்களைச் சார்ந்தது. ஜான் டார்டுனோவின் குழு 2015-இல், 420 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புலத்தின் தடயம் அவற்றில் உண்டு என்றது. அச்சிர்க்கான்களிலுள்ள மாக்னடைட் பிற்காலத்தில் விரிசல்கள் வழியே உருவானது என்று பெஞ்சமின் வைஸ் முதலியோர் மறுத்தனர். மறுப்பே வலுவானதாகத் தோன்றுகிறது: பதிவைச் சுமக்கும் துகளின் வயது உறுதியாகாதவரை சிர்க்கானின் வயதைப் புலத்துக்கு ஏற்றிச் சொல்வது சரியன்று.

உட்கருவின் பிறப்பு

கனடாவின் செத்-தீல் பகுதியில் கிடைத்த 56.5 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள், அன்றைய புலம் இன்றுள்ளதில் பத்தில் ஒரு பங்குதான் என்று காட்டுகின்றன. கரு முழுவதும் திரவமாக இருந்து, வெப்பத்தால் மட்டுமே நடந்த புரளல் ஏறக்குறைய ஓய்ந்த நிலை அது என்பது ஒரு விளக்கம். பின்னர் மையத்தில் இரும்பு உறைந்து திட உட்கரு உருவாகத் தொடங்கியது. உறையும்போது ஒதுக்கப்படும் லேசான தனிமங்கள் மேலெழுந்து வெளிக்கருவைப் புதிதாகக் கலக்கின. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 53.2 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள் மீண்டும் வலுவான புலத்தையே காட்டுவது இவ்விளக்கத்துடன் பொருந்துகிறது. கோட்பாட்டுக் கணக்குகளோ உட்கருவின் வயதை 50 கோடி முதல் 100 கோடி ஆண்டுகளுக்கு மேல்வரை வெவ்வேறாகத் தருகின்றன; கடும் அழுத்தத்தில் இரும்பு எவ்வளவு வெப்பம் கடத்தும் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறுகிறது.