விதைகளும் குறைந்த அளவுக் கதிர்வீச்சும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி அருகே வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்கிருந்து வந்த வம்பன் 8 உளுந்தைப் பற்றி வகுப்பில் பேசினால், "அது கதிர்வீச்சு கொடுத்த விதையா சார்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்பார். இல்லை. அது இரு உளுந்து வகைகளைக் கலப்பினம் செய்து உருவாக்கிய ரகம். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மூன்றே ஆண்டுகளில், 1898இல், மால்டினே, துவெனின் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் விதைகள்மீது அக்கதிரைப் பாய்ச்சி, அவை சீக்கிரம் முளைத்ததாக எழுதினார்கள். பிறகு ரேடியத்தின் காலம் வந்தது. அமெரிக்காவில் ரேடியம் கலந்த உரம் விற்பனைக்கே வந்துவிட்டது! இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சிரில் ஹாப்கின்ஸ் அதை வயலில் இட்டுப் பார்த்து, விளைச்சல் கூடவில்லை என்று 1915இல் அறிவித்தார். 1940களின் இறுதியில் அமெரிக்க வேளாண் துறை கதிரியக்கப் பொருள்களை மண்ணில் இட்டு மீண்டும் சோதித்தது. அப்போதும் பயன் தெரியவில்லை.

மண்ணில் இடுவது வேறு, விதைமீது கதிரைப் பாய்ச்சுவது வேறு. இரண்டாவது முறையில் முளைப்பு வேகமும் நாற்றின் வேர் நீளமும் கூடியதாகப் பல பயிர்களில் ஆய்வுகள் உண்டு. அதிக அளவில் நஞ்சாக இருப்பது சிறிதளவில் தூண்டுகோலாவதை 'ஹார்மெசிஸ்' என்பர். 1943இல் இச்சொல் அறிவியலில் புகுந்தபோது பேசப்பட்டது கதிர்வீச்சு அன்று. செந்தேவதாரு மரச்சாறு பூஞ்சைகள்மீது செய்த வேலைதான்.

இதற்கு வேண்டிய அளவு பெரும்பாலும் சில கிரே முதல் சில பத்து கிரே வரை. ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது 1 கிரே. மனித உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4, 5 கிரே பட்டால் உயிருக்கே ஆபத்து. உலர்ந்த விதையில் நீர் குறைவு, செல்களும் உறக்கத்தில் இருக்கின்றன, அதனால் தாங்குகிறது. கதிர் பட்டதும் உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் விதையின் தற்காப்பு நொதிகளையும் வளர்ச்சி ஹார்மோன்களையும் உசுப்பிவிடுகின்றன என்பது பொதுவான விளக்கம். கோபால்ட்-60இன் காமா கதிர் பட்ட விதை கதிரியக்கம் உடையதாக மாறிவிடாது. பலருக்கு இருக்கும் அச்சம் இது என்பதால் சொல்கிறேன்.

இதைப் பெரிய அளவில் வயலுக்குக் கொண்டுபோனது சோவியத் ஒன்றியம். சீசியம்-137 வைத்த 'கோலோஸ்' என்ற கருவிகளை லாரிகளில் ஏற்றி, 1970களில் பண்ணை பண்ணையாகச் சென்று விதைப்புக்கு முன் விதைகளுக்குக் கதிரூட்டினார்கள். ஒன்றியம் கலைந்தபின் அந்தக் கருவிகள் சில கேட்பாரற்றுக் கிடந்தன. ஜார்ஜியா, மால்டோவா போன்ற நாடுகளில் அவற்றைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தும் வேலையில் பன்னாட்டு அணுசக்தி முகமை ஈடுபட்டது.

அந்த முறை ஏன் நிலைக்கவில்லை? ஒரே பயிரில் ஒரு ரகத்துக்குப் பலித்த அளவு இன்னொரு ரகத்துக்குப் பலிப்பதில்லை. விதையின் ஈரப்பதம், வயது, கதிரூட்டியபின் எத்தனை நாள் வைத்திருந்தோம் என்பதெல்லாம் முடிவை மாற்றுகின்றன. தட்டில் வேகமாக முளைத்த விதை வயலில் அதிக விளைச்சல் தரும் என்ற உறுதியும் இல்லை. தூண்டல் அடுத்த தலைமுறைக்கும் போகாது. ஒவ்வொரு பருவமும் புதிதாகக் கதிரூட்ட வேண்டும்.

இந்தியா வேறு வழியில் போனது. தூண்டலுக்குரியதைவிடப் பல மடங்கு, நூற்றுக்கணக்கான கிரே அளவில் கதிரூட்டினால் பல விதைகள் கெடும். மிஞ்சியவற்றில் சிலவற்றின் மரபணு மாறும். அந்தச் சடுதிமாற்றம் சந்ததிக்கும் தொடரும். எம். எஸ். சுவாமிநாதன் குழுவினர் டெல்லியில் இப்படித்தான் சோனோரா 64 கோதுமையிலிருந்து சர்பதி சோனோராவை எடுத்தார்கள். மும்பை டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1973இல் டி.ஜி-1 நிலக்கடலையைத் தந்தது. 1985இல் அகோலா வேளாண் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அது தந்த டி.ஏ.யூ-1 உளுந்து மகாராட்டிரத்தில் பரவலாகப் பயிரானது. இவற்றில் விவசாயி கையில் கதிர் கிடையாது, விதை மட்டும்தான்.

நம் மாவட்டத்தின் மானாவாரிச் செம்மண்ணில் ஒரு மழை பெய்தால் சில நாள்களுக்குள் விதைத்தாக வேண்டும். முளைப்பு பொய்த்தால் விதைச்செலவு போயிற்று. ஆகவே முளைப்பைத் தூண்டும் எந்த முறையும் இங்கே வெறும் ஆய்வுக்கூடச் செய்தி அன்று. ஆனால் அந்தச் சில நாளில் விதை மூட்டையை காமா கலம் இருக்கும் ஊருக்கு அனுப்பித் திரும்பப் பெற யாரால் முடியும்? விதையை ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்துவதும், ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்து நிழலில் உலர்த்துவதும் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும்.