உள்வைப்புகள் தாங்கும் கழற்றக்கூடிய பல்செட்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

பற்கள் அனைத்தையும் இழந்தவர்களுக்குச் செய்து தரப்படும் முழுப் பல்செட், மேல்தாடையில் பெரும்பாலும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். அண்ணத்தின் அகன்ற பரப்பு அதற்குத் துணைபுரிகிறது. கீழ்த்தாடையில் அத்தகைய பரப்பு இல்லை. நாக்கும் கன்னத் தசைகளும் ஓயாது அசைவதால் பல்செட் மிதக்கிறது. பல் போனபின் தாடை எலும்பும் தேய்ந்துகொண்டே வருகிறது. நெடுங்கால ஆய்வொன்றில் கீழ்த்தாடை முன்பகுதியின் தேய்மானம் மேல்தாடையைவிட ஏறத்தாழ 4 மடங்கு எனக் கண்டறியப்பட்டது. செய்த புதிதில் பொருந்திய பல்செட் சில ஆண்டுகளில் ஆடத் தொடங்குவது இதனால்தான். நோயாளியின் தவறு அன்று.

திருப்பாலைவனம், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் முதியவர்கள் சிலரிடம் பல்செட் இருக்கிறது; வாயில் அன்று, சுருக்குப்பையில். நண்டும் கருவாடும் கைவிடப்பட்டு, கஞ்சியே மூன்று வேளை உணவாகிவிடுகிறது. உடல் மெலிந்து, சத்துக் குறைந்து, விருந்துக்கு அழைத்தாலும் செல்லத் தயங்குகிறார்கள். இவர்களுக்கு உதவக்கூடியதே உள்வைப்புகள் தாங்கும் பல்செட்.

இம்பிளான்ட் எனப்படும் பல் உள்வைப்பு, டைட்டானியத்தால் ஆன சிறு திருகு. டைட்டானியத்தோடு எலும்பு ஒன்றிவிடும் என்பதை 1950களில் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1965இல் முதல் நோயாளிக்கு அவர் அதைப் பொருத்தினார். கீழ்த்தாடையில் கோரைப்பற்கள் இருந்த இரு இடங்களில் ஒவ்வொரு திருகு வைக்கப்படுகிறது. அவற்றின் தலைப்பகுதியும் பல்செட்டின் உட்புறமும் ரவிக்கையின் பிரஸ் பட்டனைப்போல ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. பல்செட் ஆடாது, வேண்டும்போது நீங்களே கழற்றலாம்.

‘ஸ்குரூ பல்’ என்றதும் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகு என்று எண்ணி நகையை அடகு வைக்க முற்படுவோர் உண்டு. அது தேவையில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2002இல் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரு உள்வைப்புகள் தாங்கும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தனர். மேல்தாடையின் எலும்பு மென்மையானது. அங்கு வழக்கமாக நான்கு தேவைப்படும். மேல் பல்செட் நன்றாகப் பிடித்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

உள்வைப்பு பெரும்பாலும் இடத்தை மரத்துப்போகச் செய்தே வைக்கப்படுகிறது. எலும்போடு ஒன்றக் கீழ்த்தாடையில் பொதுவாக 3 மாதம் ஆகும். மேல்தாடையில் அதைவிடக் கூடுதல். அதுவரை பழைய பல்செட்டை உட்புறம் சரிசெய்து அணியலாம். மொத்தத்தில் பல முறை வர வேண்டியிருக்கும். சாலையில் மழைவெள்ளம் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து நாள் குறித்துக்கொள்வது நல்லது. தொடர்ந்து வர இயலாதவர்களுக்குச் செம்மையாகச் செய்த சாதாரணப் பல்செட்டே ஏற்றது என்பது எமது கருத்து. அதில் குறைவொன்றும் இல்லை.

முதுமை இதற்குத் தடையன்று. கட்டுப்படாத சர்க்கரை நோயும் புகையிலையும்தான் பெருந்தடைகள். சர்க்கரையை முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகைப்பவர்களுக்கு உள்வைப்பு எலும்போடு ஒன்றாமல் போகும் வாய்ப்பு அதிகம். வெற்றிலையோடு புகையிலை மெல்வதையும் விட வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், எலும்பு மெலிவுக்கோ புற்றுநோய்க்கோ ஊசி போட்டுக்கொள்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கையால் தடவி இறால் பிடிப்பவர்களில் சிலர் பறியைப் பல்லால் கடித்துத் தாங்குவது இந்த ஏரியின் வழக்கம். புதிய பல்செட் வந்தபின் இதைச் செய்யாதீர்கள். ஈரமான பறியின் இழுப்பு பல்செட்டைப் பிடுங்கும், இணைப்பைத் தேய்க்கும், நாளடைவில் திருகையும் தளர்த்தும். பறியை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். வலை பழுதுபார்க்கும்போது நைலான் நூலைக் கடித்து அறுப்பதும் வேண்டாம்.

இரவில் பல்செட்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் அதன் வடிவைக் கெடுக்கும். திருகுகளைச் சுற்றியுள்ள ஈற்றையும் நாள்தோறும் இருமுறை துலக்க வேண்டும். அங்கே அழுக்குத் தங்கினால் எலும்பு கரைந்து திருகு விழுந்துவிடும். பக்கவாதத்தாலோ கைநடுக்கத்தாலோ தாமே கழற்ற இயலாதவர்களுக்கு இப்பொறுப்பு பராமரிப்பாளருடையது. ஆகவே சிகிச்சையைத் தொடங்கும் முன்பே, கழற்றி மாட்டும் முறையை அவர் மருத்துவரிடம் கற்றுக்கொள்ளட்டும். இணைப்பிலுள்ள வளையம் அவ்வப்போது தளரும். அதை மாற்றுவது எளிது. பல்செட் கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொண்டு, அச்சீட்டுடன் பல் மருத்துவரை அணுகுங்கள். பொன்னேரியிலிருந்து புறநகர் ரயிலில் சென்னை வருவோர், கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் செயற்கைப் பல் பிரிவில் ஆலோசனை பெறலாம். உள்வைப்புக்கான செலவையும் காத்திருக்க வேண்டிய காலத்தையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டபின் முடிவெடுங்கள்.

பல்செட் உரசும் இடத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும், வலியில்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பல்செட் கீறிய புண்தான் என்று எண்ணி நாள் கடத்தியபின் வாய்ப்புற்றுநோயோடு வருபவர்கள் உண்டு.