கந்தையும் கலையும்: வங்கத்துக் காந்தாவின் வரலாறு

முன்னுரை

பயன் முடிந்த பொருளை எறிந்துவிடாமல் மீண்டும் பயனுக்குக் கொண்டுவருதல் இந்திய இல்லறத்தின் நெடுநாள் வழக்கமாகும். உடுத்துத் தேய்ந்த ஆடை அவ்வகைப் பொருள்களுள் முதன்மையானது. தமிழகத்தில் தாயின் பழஞ்சேலை குழந்தைக்குத் தூளியாகிறது. வங்கத்தில் அத்தகைய பழஞ்சேலைகள் அடுக்கித் தைக்கப்பட்டுப் போர்வையாகவும் விரிப்பாகவும் உறையாகவும் உருமாறி, வீட்டை அணிசெய்யும் கலைப்பொருளாகவே நிலைபெற்றன. இவ்வாறு தைக்கப்படும் துணி ‘காந்தா’ எனப்படும். பெருஞ்செலவின்றி வீட்டிலிருந்த பழந்துணியும் பழநூலும் கொண்டு பெண்கள் உருவாக்கிய இக்கலையின் தோற்றம், செய்முறை, பொருண்மை, பிற்கால மாற்றம் ஆகியவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பழந்துணி புதுத்துணியாக மாறியபோது இக்கலை எதைப் பெற்றது, எதை இழந்தது என்னும் வினா கட்டுரை முழுவதும் தொடர்கிறது.

சொல்லும் தொன்மையும்

‘கந்தா’ என்னும் வடசொல் ஒட்டுப்போட்டுத் தைத்த துணியைக் குறிக்கும். தமிழில் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல் ஒலியாலும் பொருளாலும் இதனோடு நெருங்கியது. ஆயினும் இவ்விரு மொழிகளிலும் சொல்லின் போக்கு வேறுபட்டுள்ளது. தமிழில் கந்தை என்பது வறுமையின் அடையாளமாகவே நின்றுவிட்டது. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழி தூய்மையை வலியுறுத்தினாலும், கந்தையைக் குறையுடைய பொருளாகவே கொள்கிறது. வங்காளியிலோ அச்சொல் தேர்ந்த கைவினை ஒன்றின் பெயராயிற்று.

காந்தாவின் தொன்மைக்குப் பாணினியின் இலக்கணத்தைச் சான்றாகக் காட்டும் வழக்கம் உண்டு. அட்டாத்தியாயியில் ‘கந்தா’ என்னும் சொல் இடம்பெறுவது உண்மையே. ஆனால் உசீநர நாட்டுப் பெயர்களைப் பற்றிய விதியில் (2.4.20) அச்சொல் ஊர்ப்பெயரின் ஈறாகவே வருகிறது. எனவே அவ்விதியைத் தையற்கலைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பது சொல்லாராய்ச்சியின் அடிப்படையாகும்.

உறுதியான சான்றுகள் துறவியர் மரபிலிருந்து கிடைக்கின்றன. பிறர் எறிந்த துணிகளைத் திரட்டித் தைத்த ‘பாம்சுகூல’ ஆடையைப் பௌத்தத் துறவியர் அணிந்தனர். வெட்டித் தைத்த சீவர ஆடையின் அமைப்பு மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைப் பார்த்து ஆனந்தரால் வகுக்கப்பட்டது என விநயபிடகத்தின் மகாவக்கம் கூறுகிறது. பர்த்ருஹரியின் வைராக்கிய சதகத்திலும் நூறு கிழிசல்களால் ஆன கந்தை துறவியின் உடைமையாகக் காட்டப்படுகிறது.

வங்கத்தைப் பொறுத்தவரை, கிருஷ்ணதாச கவிராஜர் இயற்றிய சைதன்ய சரிதாம்ருதம் குறிப்பிடத்தக்கது. அரசப் பணியைத் துறந்து வந்த சனாதன கோஸ்வாமி விலையுயர்ந்த கம்பளி ஒன்றைப் போர்த்தியிருந்தார். சைதன்யர் அதனை விரும்பவில்லை என்பதை உணர்ந்த அவர், காசியில் கங்கைக் கரையில் இருந்த ஒருவரிடம் அக்கம்பளியைக் கொடுத்து அவருடைய பழைய காந்தாவை மாற்றாகப் பெற்றார். இந்நிகழ்ச்சி இருவகையில் நோக்கத்தக்கது. காந்தா அக்காலத்தில் எளியோரின் அன்றாடப் பொருளாக இருந்தது என்பது ஒன்று. சந்தை விலைக்கு மாறான மதிப்பு ஒன்று அதற்கு ஏற்பட்டிருந்தது என்பது மற்றொன்று.

செய்முறை

காந்தாவின் மூலப்பொருள்கள் மூன்று: பழந்துணி, பழநூல், ஊசி. இவற்றுள் விலை கொடுத்து வாங்க வேண்டியது ஊசி மட்டுமே. பலகாலம் உடுத்துத் துவைத்து மென்மையான வெண்ணிறப் பருத்திச் சேலைகளும் வேட்டிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. பயன்பாட்டிற்கு ஏற்ப மூன்று முதல் ஏழு அடுக்குகள் வரை தரையில் விரித்துச் சுருக்கம் நீக்கி, விளிம்புகளை மடித்து, அடுக்குகள் விலகாதிருக்க முதலில் பெரிய தையல்கள் இடப்பட்டன. நன்னிலையில் உள்ள துணி மேலும் கீழும் அமைய, நைந்த பகுதிகள் நடுவே மறைந்தன. தனித்து நின்றால் கிழியக்கூடிய துணிகள் ஒன்றையொன்று தாங்கி நின்றமையால் போர்வை உறுதி பெற்றது.

தையலுக்குரிய வண்ணநூல் சேலைக் கரையிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவியெடுக்கப்பட்டது. சிவப்பு, நீலம், கறுப்பு ஆகிய நிறங்களே பழங்காந்தாக்களில் மிகுதியும் காணப்படுவதற்கு இதுவே காரணம். எந்நிறத்தைப் பயன்படுத்துவது என்பதை வீட்டில் கிழிந்த சேலைகளின் கரைகள் பெரும்பாலும் முடிவுசெய்தன.

காந்தாவின் அடிப்படைத் தையல் ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் நேர்த்தையல் ஆகும். தையல் வகைகளுள் மிக எளியது இது. உருவங்களின் எல்லைக்கோடும் உள்நிரப்பும் வண்ணநூலால் தைக்கப்பட்டபின், எஞ்சிய வெண்ணிலம் முழுவதும் வெண்ணூலால் நெருங்கத் தைக்கப்பட்டது. உருவத்தின் விளிம்பைப் பின்பற்றி இத்தையல் வளைந்து செல்வதால் துணியின் மேற்பரப்பில் நீரலை போன்ற சுருக்கம் தோன்றுகிறது. அடுக்குகளை இணைக்கும் தேவையும் அழகும் ஒரே தையலால் நிறைவேறுகின்றன. ராஜசாகிப் பகுதியின் ‘லகரி’ காந்தா இவ்வலையமைப்பையே முதன்மை அழகாகக் கொண்டதாகும்.

வகையும் பயனும்

பயன்பாட்டின் அடிப்படையில் காந்தாக்கள் பெயரிடப்பட்டன. குளிர்காலப் போர்வை ‘லேப்’. விருந்தினர்க்கும் மங்கல நாள்களுக்கும் விரிக்கப்படுவது ‘சுஜனி’. நூல்களையும் விலைமதிப்புள்ள பொருள்களையும் பொதிவது ‘பாய்த்தன்’. கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைப்பது ‘ஆர்சிலதா’. தலையணை உறை ‘ஓவார்’. வழிபாட்டிற்கும் உண்பதற்கும் அமரும் விரிப்பு ‘ஆசன்’. மடித்துத் தைத்த சிறு பணப்பை ‘துர்ஜனி’. மரச்சாமான்கள் மிகுதியாக இல்லாத சிற்றூர் வீட்டில் அமரும் இடம், உறங்கும் இடம், வழிபடும் இடம் ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டியவை இத்துணிகளே. அவ்வகையில் வீட்டின் அகவமைப்பைத் துணியாலேயே வகுத்த மரபு எனக் காந்தாவைக் கருத இடமுண்டு.

பிறந்த குழந்தையைப் பழந்துணிக் காந்தாவில் பொதியும் வழக்கம் பரவலாக இருந்தது. மென்மை இதற்கு ஒரு காரணம். கந்தை கண்ணேறு கழிக்கும் என்னும் நம்பிக்கை மற்றொரு காரணம். குடும்பத்து முதியோர் உடுத்திய துணி குழந்தையின் உடலைத் தொடுவதன் வழியாகத் தலைமுறைகளின் தொடர்ச்சியும் உணர்த்தப்பட்டது.

உருவங்களும் உலகமும்

மிகுதியான காந்தாக்களில் நடுவில் விரிந்த தாமரையும் நான்கு மூலைகளில் மரம் அல்லது கொடியுருவும் இடம்பெறுகின்றன. நோன்பு நாள்களில் வங்கப் பெண்கள் அரிசிமாக் கரைசலால் தரையில் வரையும் ‘அல்பனா’ கோலங்களோடு இவ்வமைப்பு நெருங்கிய தொடர்புடையது. அவனீந்திரநாத் தாகூர் 1919இல் வெளியிட்ட ‘பாங்க்ளார் பிரத’ என்னும் நூல் இந்நோன்புகளையும் கோலங்களையும் ஆராய்ந்தது. நாளும் அழியும் தரைக்கோலத்தின் வடிவங்கள் துணியில் நிலைபேறு பெற்றன எனலாம்.

இம்மரபு உருவங்களுக்கிடையே தைத்தவர் கண்ட உலகமும் இடம்பெற்றது. தேர், பல்லக்கு, யானை, மீன், பாக்குவெட்டி, சீப்பு, குதிரைமேல் செல்லும் ஆங்கிலேயர் ஆகியவை 19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்களில் காணப்படுகின்றன. இராமாயண, கிருஷ்ணலீலைக் காட்சிகளும் உள்ளன. முஸ்லிம் பெண்கள் தைத்தவற்றில் வடிவியல் அமைப்புகளும் செடிகொடிகளும் சிறப்பிடம் பெற்றன. ஆயினும் தாமரையும் கொடியும் இரு சமயத்தார்க்கும் பொதுவாகவே இருந்தன. யசோர், குல்னா, பரித்பூர், மைமன்சிங், ராஜசாகி, ஹூக்ளி, வீர்பூம், மூர்ஷிதாபாத் என இக்கலை சமய எல்லையைக் கடந்து பரவியிருந்தது.

நூலும் எழுத்தும்

தமிழாய்வாளர் சிறப்பாக நோக்க வேண்டிய பகுதி காந்தாவில் தைக்கப்பட்ட எழுத்துகளாகும். தமிழில் நூல் என்னும் ஒரே சொல் இழையையும் ஏட்டையும் குறிக்கிறது. நன்னூல் பாயிரமும் நூலாக்கத்தைப் பஞ்சிலிருந்து நூல் நூற்கும் தொழிலோடு ஒப்பிட்டு விளக்குகிறது. தமிழில் உவமையாக நின்ற இவ்வுறவு வங்கத்துக் காந்தாவில் நேர்பொருளிலேயே நிகழ்ந்தது.

19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் பெண் எழுத்தறிதல் பல குடும்பங்களில் தகாத செயலாகக் கருதப்பட்டது. ராசசுந்தரி தேவி தம் தன்வரலாறான ‘ஆமார் ஜீபன்’ நூலில், ஏட்டின் ஓர் இதழைச் சமையலறையில் மறைத்துவைத்து எழுத்தறிந்த வரலாற்றைப் பதிவு செய்துள்ளார். இச்சூழலில் ஒரு பெண் தன் பெயரைத் துணியில் தைத்தல் எளிய செயலன்று. குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற காந்தா ஒன்று மானதாசுந்தரி என்னும் பெண் தைத்தது. தம் தந்தைக்காகத் தம் கையாலேயே இதனைச் செய்ததாக அவர் அதில் எழுத்துகளாலேயே தைத்துள்ளார். எண்ணற்ற காந்தாக்கள் பெயரின்றிக் கிடைக்க, இது செய்தவரின் பெயரையும் பெறுபவரின் உறவையும் ஒருசேரக் கூறுகிறது. ஆவணங்களில் இடம்பெறாத பெண்ணொருத்தி தானே தன்னை ஆவணப்படுத்திக்கொண்ட நிலை இது.

சேகரிப்பும் கவிதையும்

இன்று கிடைக்கும் பழைய காந்தாக்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மூலத்துணியே தேய்ந்தது என்பதாலும், ஈரமிக்க வங்கத் தட்பவெப்பத்தாலும், பயன்பாட்டாலும் முற்பட்டவை அழிந்தன. காந்தா நைந்தபின் அதுவே அடுத்த காந்தாவின் உள்ளடுக்காகவும் மாறியது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேசிய உணர்வோடு நாட்டார் கலைகளைத் தேடும் முயற்சி எழுந்தது. இந்தியக் குடிமைப் பணி அதிகாரியாகிய குருசதய் தத் (1882-1941) சிற்றூர்களில் காந்தாக்களைத் திரட்டினார். அவருடைய சேகரிப்பைக் கொண்டு கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் 1963இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கலைவரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தா பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். அவர் சேகரித்தவை பின்னர் பிலடெல்பியா அருங்காட்சியகத்தை அடைந்தன.

ஜசீமுதீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடல் இக்கலைக்குப் பரவலான அறிமுகத்தைத் தந்தது. கணவன் ரூபாயைப் பிரிந்த சாஜு தம் வாழ்வை ஒரு காந்தாவில் தைத்து, இறந்தபின் அதனைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு வேண்டுகிறாள். பூவேலைக் காந்தாவைக் குறிக்கும் ‘நக்ஷி காந்தா’ என்னும் தொடர் இந்நூலுக்குப் பின்னரே பெருவழக்கு அடைந்தது.

சந்தையும் மாற்றமும்

ஆலைத்துணியின் பெருக்கமும் 1947ஆம் ஆண்டுப் பிரிவினையும் இம்மரபைத் தளர்த்தின. புலம்பெயர்ந்தோர் வழியே காந்தா எல்லை கடந்தது எனினும், ஓய்வுப் பொழுதில் ஆண்டுக்கணக்காகத் தைக்கும் வாழ்க்கைமுறை குலைந்தது. 1970களுக்குப் பின் வங்கதேசத்திலும் 1980கள் முதல் மேற்கு வங்கத்திலும் தொண்டு நிறுவனங்களும் தனியாரும் இதனை வருவாய்க்குரிய தொழிலாக மீட்டெடுத்தனர். பழந்துணியின் இடத்தைப் புதுப் பருத்தியும் பட்டும் பெற்றன. பல அடுக்குப் போர்வை ஓரடுக்குச் சேலையாயிற்று. கரைநூலுக்குப் பதில் கடைநூல் வந்தது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா 2008இல் இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றது. பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும் தக்தீரா பேகத்திற்கு 2024இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பெயரற்ற கலையாக இருந்த காந்தா தனிக் கலைஞரின் பெயரால் அறியப்படும் நிலையை இது காட்டுகிறது.

இம்மாற்றத்தைச் சீரழிவு என ஒதுக்குதலும் வளர்ச்சி எனக் கொண்டாடுதலும் முழுமையான மதிப்பீடாகா. பழைய முறையில் பெண்ணின் உழைப்புக்கு ஊதியம் இல்லை. ஆயினும் எதைத் தைப்பது, யாருக்குத் தைப்பது என்பதை அவள் முடிவுசெய்தாள். புதிய முறையில் ஊதியம் உண்டு. ஆனால் உருவத்தைப் பெரும்பாலும் வேறொருவர் வரைந்து தருகிறார்.

பீகாரின் சுஜனி இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியொன்றைக் காட்டுகிறது. அங்கும் பழந்துணிகளை இணைத்துக் குழந்தைக்குப் போர்வை தைக்கும் மரபு இருந்தது. கந்தைக்குரிய தெய்வமாகச் ‘சித்திரியா மா’ போற்றப்படுகிறாள். 1980களின் இறுதியில் முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா ஊரில் இக்கலை வருவாய்க்காகப் புதுப்பிக்கப்பட்டபோது, பெண்கள் வரதட்சணைக் கொடுமை, பெண் கல்வி முதலிய தம் வாழ்வுச் செய்திகளையே தைத்தனர். துணி புதிதாயினும் சொல்லும் உரிமை தைப்பவரிடம் நின்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பழந்துணி, கரைநூல் ஆகியவற்றின் வரம்பே காந்தாவின் நிறத்தையும் தையலையும் அலைபோன்ற மேற்பரப்பையும் உருவாக்கியது. சிக்கனம் இங்கு அழகியலின் அடிப்படையாகச் செயற்பட்டது. காந்தாவின் தொன்மையை நிறுவப் பாணினியின் சொல்லாட்சி துணைசெய்யாது. துறவியர் மரபும் வைணவ இலக்கியமும் துணைசெய்கின்றன. எழுத்து மறுக்கப்பட்ட காலத்தில் பெண்ணுக்கு ஊசி எழுதுகோலாகவும் அமைந்தது. இன்றைய காந்தாவை மதிப்பிடும்போது துணியின் பழமையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் போதாது. தைப்பவர் தம் கருத்தைத் தைக்கும் உரிமை உடையவரா என்பதும் உடன் நோக்கப்பட வேண்டும். தமிழகத்தின் பழந்துணிப் பயன்பாடுகளும் இந்நோக்கில் தொகுத்து ஆராயப்படுமாயின், கந்தை என்னும் சொல்லுக்குள் மறைந்திருக்கும் தமிழ்ப் பெண்களின் கைவினை வரலாறும் புலப்படும்.