ஆபத்து வட்டத்துக்குள் ஒரு நாய்: நியூயார்க் சட்டத்தில் மனவேதனை இழப்பீட்டின் வரலாறு, 1896–2025

1891 ஏப்ரல் முதல் நாள், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஒரு பெண் மெயின் தெருவில் டிராம் ஏறக் காத்து நின்றார். ஏறப் போன வேளையில் இன்னொரு குதிரை டிராம் அவரை நோக்கி வந்தது. குதிரைகள் திடீரென வலப்பக்கம் திரும்பின. ஓட்டுநர் வண்டியை நிறுத்தியபோது அந்தப் பெண் இரண்டு குதிரைகளின் தலைகளுக்கு நடுவே நின்றிருந்தார். குதிரையும் படவில்லை, வண்டியும் படவில்லை. ஆனால் அச்சத்தில் அவர் நினைவிழந்தார். வயிற்றிலிருந்த கரு கலைந்தது. அதற்கு அந்த அதிர்ச்சியே போதுமான காரணம் என்று மருத்துவர்கள் சாட்சியம் அளித்தார்கள்.

வழக்கு 1896இல் மாநிலத்தின் இறுதி நீதிமன்றத்துக்கு வந்தது. (நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றத்தின் பெயர். இறுதிச் சொல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸுடையது. இங்கே அதை 'உச்ச மன்றம்' என்கிறேன்.) 'மிட்செல் எதிர் ராச்செஸ்டர் ரயில்வே கம்பெனி' எனப்படும் அந்த வழக்கில் பெண் தோற்றார். அச்சத்துக்கு இழப்பீடு இல்லை. ஆகவே அச்சத்தின் விளைவுக்கும் இல்லை என்றது மன்றம். உடலில் எதுவும் படாத ஒருவருக்கு இழப்பீடு கொடுத்தால் வழக்குகள் பெருகும், அச்சத்தை எளிதில் நடித்துக் காட்டலாம், சேதத்தை அளக்க வழியிருக்காது என்பன அது சொன்ன காரணங்கள்.

இந்தக் காரணங்களில் ஒன்றுகூட அந்தப் பெண்ணைப் பற்றியது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் நடித்தார் என்று எவரும் சொல்லவில்லை. இனி வரக்கூடிய பொய் வழக்காளிகளுக்கு அஞ்சி, எதிரே நின்ற உண்மையான வழக்காளியை மன்றம் திருப்பி அனுப்பியது. நியூயார்க்கில் அடுத்த 130 ஆண்டுகளில் மனவேதனைச் சட்டம் வளர்ந்த விதத்துக்கு இந்த அச்சமே அடித்தளம் என்பது இக்கட்டுரையின் வாதம். நீதிமன்றங்கள் துயரத்தை அளக்க முற்படவேயில்லை. வழக்குகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த ஒரு கோடு போட்டன. அது தாங்க முடியாத அளவுக்குக் கொடுமையானபோது அதைச் சற்றுத் தள்ளிப் போட்டன. 2025இல் ஒரு நாயின் சாவு அந்தக் கோட்டுக்குள் வந்ததும் இதே வழியில்தான்.

மிட்செல் தீர்ப்புக்குப் பின்னால் இன்னும் பழைய ஒரு விதி இருந்தது. 1808இல் இங்கிலாந்தில் எல்லன்பரோ பிரபு, ஒரு மனிதரின் சாவை உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பாகக் கொண்டு வழக்காட முடியாது என்று தீர்ப்பளித்தார். கோச்சு வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. காயப்படுத்தினால் பணம் கட்ட வேண்டும், கொன்றுவிட்டால் வேண்டாம் என்ற இந்த விபரீத நிலையை 1846இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டத்தால் மாற்றியது. மறு ஆண்டே நியூயார்க்கும் அதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றியது. இந்தியாவின் 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டமும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நியூயார்க் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது, இன்றும் இருக்கிறது. இறந்தவரால் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய பணத்துக்கு மட்டுமே இழப்பீடு. சம்பாதிக்கும் தந்தை போனால் அவருடைய வருமானத்தைக் கணக்கிடலாம். இரண்டு வயதுக் குழந்தை போனால் கணக்கிட ஏறக்குறைய எதுவுமில்லை. பெற்றோரின் துயரத்துக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

மிட்செல் விதி 65 ஆண்டுகள் நீடித்தது. 1956 செப்டம்பரில் பெலேர் மலையின் அரசு பனிச்சறுக்கு மையத்தில், நாற்காலித் தூக்கியில் ஒரு சிறுமியை உட்கார வைத்த ஊழியர் பாதுகாப்புப் பட்டையைச் சரியாகப் பூட்டவில்லை. கீழிறங்கும் வழியெல்லாம் அந்தக் குழந்தை பயத்தில் வெறிபிடித்ததுபோல் அலறியது. 1961இல் 'பட்டல்லா' வழக்கில் உச்ச மன்றம் மிட்செல் தீர்ப்பை வெளிப்படையாகக் கைவிட்டது. பொய் வழக்கு வருமென்ற அச்சம் உண்மையான வழக்கை மறுக்கக் காரணமாகாது. உண்மையையும் பொய்யையும் பிரித்தறிய மருத்துவச் சான்று இருக்கிறது என்பது அதன் நிலைப்பாடு. 1896இல் ராச்செஸ்டர் பெண்ணிடமும் மருத்துவச் சான்று இருந்தது. சான்று மாறவில்லை, அதைக் கேட்க மன்றத்துக்கிருந்த மனம் மாறியது.

அடுத்த கேள்வி கடினமானது. தனக்கு ஆபத்து நேராமல், தன்னுடையவருக்கு நேர்ந்ததைக் கண்டு நொறுங்கியவருக்கு என்ன வழி? 1968இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 'டில்லன் எதிர் லெக்' வழக்கில், தன் மகள் கார் மோதி இறந்ததைப் பார்த்த தாய்க்கு, அவர் ஆபத்துக்கு வெளியே நின்றிருந்தாலும் வழக்காடும் உரிமை உண்டு என்றது. அமெரிக்கா முழுவதும் பேசப்பட்ட தீர்ப்பு அது. மறு ஆண்டே நியூயார்க்கில் ஏறக்குறைய அதே கேள்வி எழுந்தது. வீட்டுக்குள்ளிருந்த ஒரு தாய் பிரேக் கிறீச்சிடும் ஒலி கேட்டு வெளியே ஓடி வந்தபோது, இரண்டு வயது மகன் தெருவில் அடிபட்டுக் கிடந்தான். 'டோபின் எதிர் கிராஸ்மன்' எனப்படும் இவ்வழக்கில் நியூயார்க் மன்றம் கலிபோர்னிய வழியை மறுத்தது. தாய்க்குக் கொடுத்தால் தந்தைக்கும், உடன்பிறந்தோருக்கும், பாட்டிக்கும், பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் கொடுக்க வேண்டிவரும். நிறுத்துமிடம் தெரியாது என்று நீதிபதி பிரைட்டல் அஞ்சினார். 1896இன் அச்சம் வேறு உருவில் திரும்பியிருந்தது.

1984இன் 'போவ்சன் எதிர் சான்பெரி' தீர்ப்பு ஒரு நடுவழி கண்டது. சதர்ன் ஸ்டேட் பார்க்வே சாலையோரம் நின்ற காரில் மனைவியும் மகளும் அமர்ந்திருந்தார்கள். கணவர் இறங்கி வண்டியின் பின்புறம் நின்றிருந்தார். பின்னால் வந்த கார் மோதி அவர் படுகாயமடைந்தார். மனைவிக்கும் மகளுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்று உச்ச மன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மூன்று நிபந்தனைகளை வைத்தது: வழக்காடுபவர் தாமும் உடல் தீங்கு நேரக்கூடிய 'ஆபத்து வட்டத்துக்குள்' இருந்திருக்க வேண்டும், சாவை அல்லது கடுங்காயத்தை அங்கேயே கண்டிருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் அவருடைய நெருங்கிய குடும்பத்தவராக இருக்க வேண்டும்.

ஆபத்து வட்டத்துக்குள் இருந்தவரிடம் கவனத்துடன் நடந்துகொள்ளும் கடமை ஓட்டுநருக்கு முன்பே இருக்கிறது. ஆகவே புதிய கடமை எதையும் நாங்கள் உருவாக்கவில்லை என்பது மன்றத்தின் விளக்கம். சட்டத் தர்க்கத்தில் இதில் ஓட்டை இல்லை. மனிதர் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை வேறு. சாலையின் இந்தப் பக்கம் நின்று மகன் இறப்பதைப் பார்த்த தாய்க்கு இழப்பீடு உண்டு. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அதே சாவைப் பார்த்த தந்தைக்கு இல்லை. இருவர் துயரமும் ஒன்றே; சட்டம் விசாரிப்பது அவர்கள் நின்ற இடத்தை.

மூன்றாவது நிபந்தனையின் கடுமை 1993இல் 'ட்ரோம்பெட்டா எதிர் காங்க்ளின்' வழக்கில் வெளிப்பட்டது. பதினொரு வயதில் தாயை இழந்த ஒரு பெண்ணை அவருடைய சித்தி தாயாக இருந்து வளர்த்தார். பல ஆண்டுகள் கழித்து இருவரும் சேர்ந்து தெருவைக் கடக்கும்போது லாரி வந்தது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தும் சித்தியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆபத்து வட்டத்துக்குள் இதைவிட ஆழமாக ஒருவர் நிற்க முடியாது. ஆனாலும் வழக்குத் தள்ளுபடி ஆனது: சித்தி 'நெருங்கிய குடும்பம்' ஆகமாட்டார். உறவின் ஆழத்தை வழக்குக்கு வழக்கு ஆராயத் தொடங்கினால் எல்லை குழம்பிவிடும் என்றது மன்றம். சித்தியும் பெரியம்மாவும் பிள்ளைகளை வளர்ப்பது இயல்பாக உள்ள நம் குடும்ப வாழ்வின் கண்ணோட்டத்தில் இத்தீர்ப்பு இன்னும் கூடுதலாக உறுத்துகிறது.

அந்தக் கோடு 2021இல் ஓர் அடி நகர்ந்தது. 2015இல் மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தின் முகப்பிலிருந்து உடைந்து விழுந்த துண்டுகள், கீழே இருந்த பாட்டி மீதும் இரண்டு வயதுப் பேத்தி மீதும் விழுந்தன, குழந்தை இறந்தது. 'கிரீன் எதிர் எஸ்பிளனேட்' வழக்கில், பேத்தி பாட்டிக்கு நெருங்கிய குடும்பமே என்று உச்ச மன்றம் ஏற்றது. குடும்பம் பற்றிய சமூகத்தின் புரிதல் மாறும்போது சட்டமும் அதைக் கணக்கில் கொள்ளலாம் என்ற வாசல் அங்கே திறந்தது.

இனி விலங்குகள். பழைய ஆங்கிலப் பொதுச் சட்டம் நாயைத் திருட்டுக் குற்றத்துக்குரிய சொத்தாகக்கூட மதிக்கவில்லை. 1881இல் 'முல்லாலி' வழக்கில்தான் நியூயார்க் உச்ச மன்றம், நாயும் சொத்தே, அதைத் திருடுவது குற்றமே என்றது. அன்று அது நாய்க்குக் கிடைத்த உயர்வு. ஒரு நூற்றாண்டு கழித்து அதே 'சொத்து' என்ற நிலைதான் நாயை வளர்த்தவருக்குத் தடையாயிற்று. சொத்து அழிந்தால் சந்தை விலை கிடைக்கும். உடைந்த நாற்காலிக்காக மனவேதனை கோர முடியாது. வயதான கலப்பின நாய்க்குச் சந்தையில் விலையே இல்லை.

இதை மீற முயன்ற ஒரு நீதிபதி 1979இல் குவீன்ஸ் பகுதியில் இருந்தார். பதினைந்து வயது பூடில் நாயை இழந்த ஒரு பெண், அதற்கு முறையாக இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்திருந்தார். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஒரு பூனையின் உடல். வளர்ப்பு விலங்கு வெறும் பொருள் அல்ல, மனிதருக்கும் உடைமைக்கும் இடையே அதற்குத் தனி இடம் உண்டு என்று சொல்லி நீதிபதி ஃப்ரீட்மன் 700 டாலர் வழங்கினார். 'கோர்சோ' என்று பெயர்பெற்ற இத்தீர்ப்பை விலங்குச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் மேல் மன்றங்கள் அந்த வழியில் போகவில்லை. 1987இல் டைகாண்டெரோகா ஊரில் நாய்க் கட்டுப்பாட்டு அதிகாரி ஒரு வளர்ப்பு நாயைச் சுட்ட வழக்கில் மனவேதனைக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. 2001இல் நாசா கவுன்டியில், வேகமாக வந்த கார் தங்கள் நாயைக் கொன்றதைக் கண்ட ஒரு குடும்பத்தின் கோரிக்கையும் தள்ளுபடியானது. மேல்முறையீட்டுப் பிரிவின் இரண்டாம் துறை அதை உறுதிசெய்தது.

இதே ஆண்டுகளில் சட்டத்தின் மற்றக் கிளைகள் எதிர்த்திசையில் நடந்தன. 1997இல் ஸ்கெனெக்டடியில் ஒரு பூனை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டதை அடுத்து, 1999இல் வளர்ப்பு விலங்குகளைக் கொடூரமாக வதைப்பது கடுங்குற்றமாக்கப்பட்டது. 2006இல் ஒரு சிறுபிள்ளையின் தங்கமீனை மிதித்துக் கொன்றவருக்கும் அச்சட்டம் பொருந்தும் என்று மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் மணமுறிவுச் சட்டம் திருத்தப்பட்டு, செல்லப்பிராணி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அதன் நலன் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. நாற்காலியின் நலனைப் பற்றி எந்தச் சட்டமும் கேட்பதில்லை. மறுபுறம், பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையின் ஹேப்பி என்ற யானைக்காகத் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுவை 2022இல் உச்ச மன்றம் 5–2 என்ற கணக்கில் தள்ளியது. விலங்கு சட்டத்தின் முன் 'நபர்' அல்ல. அதே நேரம் வெறும் பொருளுமல்ல. கவனக்குறைவால் நேரும் தீங்குகளுக்கான சட்டம் மட்டும் 1881இலேயே நின்றது.

2023 ஜூலை 4 அன்று புரூக்ளினில் ஒரு பெண் தன் மகனுடைய டாக்ஸ்ஹண்ட் நாய் டியூக்கைக் கயிற்றில் பிடித்தபடி தெருவைக் கடந்தார். நிறுத்தக் குறியை மதியாமல் வந்த கார் நாய்மேல் ஏறியது. அவர் மயிரிழையில் தப்பினார். 2025 ஜூனில் விசாரணை நீதிபதி ஏரன் மாஸ்லோ, டியூக்கை அந்தப் பெண்ணின் 'நெருங்கிய குடும்பமாக' ஜூரி கருத இடமுண்டு என்று கூறி, அவருடைய மனவேதனைக் கோரிக்கை தொடர அனுமதித்தார். நாயின் உரிமையாளரான மகன் சம்பவ இடத்தில் இல்லை. ஆகவே அவருடைய மனவேதனைக் கோரிக்கையை நிராகரித்தார்.

செய்தித்தாள்கள் 'நாய் குடும்பமாயிற்று' என்று எழுதின. தீர்ப்பு சொல்வது அதைவிடக் குறைவு. போவ்சனின் மூன்று நிபந்தனைகளில் முதல் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, மூன்றாவதை மட்டும் அது நெகிழ்த்தியது. அதையும், கையில் கயிற்றைப் பிடித்து நாயோடு பிணைந்திருந்தவருக்கு என்ற அளவில் நிறுத்தியது. 1896இல் உடலில் எதுவும் பட்டதா என்று கேட்ட சட்டம் இப்போது கயிற்றின் வழியே ஒருவகைத் தொடுகையைத் தேடுகிறது என்று நான் வாசிக்கிறேன். மேலும் புரூக்ளின் இரண்டாம் துறைக்கு உட்பட்டது. 2001இல் நாசா குடும்பத்தைத் திருப்பி அனுப்பிய தீர்ப்பை உறுதிசெய்ததும் அதே துறைதான். மேல்முறையீட்டில் இந்தத் தீர்ப்பு நிற்பது எளிதல்ல.

சித்திக்குக் கிடைக்காதது நாய்க்குக் கிடைக்கலாமா என்று ட்ரோம்பெட்டா வழக்கைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அதிலிருந்து நாய்க்கு மறுக்க வேண்டும் என்ற முடிவு வராது. சித்திக்கு மறுத்தது தவறு என்பதே வருகிறது. குறை இதோடும் முடியவில்லை. 1847இன் பணக்கணக்கைத் திருத்தி, இறந்தவரின் குடும்பத்தாரின் துயரத்தையும் இழப்பில் சேர்க்கும் மசோதாவை நியூயார்க் சட்டமன்றத்தின் இரு அவைகளும் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நிறைவேற்றின. காப்பீட்டுச் செலவு உயரும், மருத்துவமனைகள் தாங்கா என்று ஆளுநர் கேத்தி ஹோக்கல் மூன்று முறையும் ஒப்புதல் மறுத்தார். விபத்தைக் கண்ணால் காணாத பெற்றோருக்குத் துயரத்தின் பேரில் கேட்க அங்கே இன்னும் வழியில்லை.

சட்டமன்றம் மனம் வைத்தால் நாய் விஷயத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. டென்னசி மாநிலம் 2000இல், இன்னொருவரின் தவறான செயலாலோ கவனக்குறைவாலோ செல்லப்பிராணி கொல்லப்பட்டால் அதன் தோழமையை இழந்ததற்கு இழப்பீடு உண்டு என்று சட்டம் செய்தது. மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் ஸ்டீவ் கோஹன், வேறொரு நாய் கடித்ததில் தன் ஷி சூ நாயை இழந்தவர். அதன் பெயரான டீ-போ சட்டத்துக்கும் வந்தது. உச்சவரம்பு இப்போது 5,000 டாலர். கால்நடை மருத்துவர்களுக்கு விலக்கு உண்டு. கவனக்குறைவு வழக்குகளில், சம்பவம் உரிமையாளர் அல்லது பராமரிப்பவரின் இடத்திலோ அவர் கண்காணிப்பிலோ நடந்திருக்க வேண்டும். ஆனால் உரிமையாளர் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. டியூக் டென்னசியில் கொல்லப்பட்டிருந்தால், அதை வளர்த்த மகனும் வழக்காடியிருக்க முடியும்.