ஒரு குதிரைக்கு எவ்வளவு வலு? எஞ்சினை அளந்த கதை

 

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் கேகாலை, மாவனல்லை, ரம்புக்கனைப் பக்கத்துப் பிள்ளைகள் பழைய பைக்குகளுக்குத்தான் உயிர் கொடுத்து ஓட்டினார்கள். போர் அடித்தார்கள், ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள், காபுரேட்டரையும் சைலன்சரையும் மாற்றினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. "சேர், இதப் போட்டா அஞ்சு எச்.பி. கூடுமாம்" என்று வந்து சொல்கிறார்கள். நான் கேட்பது ஒரே கேள்வி: "அளந்தது யார்?"

இந்தக் கேள்விக்கு இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1712இல் நியூகொமன் செய்த நீராவி எஞ்சின் சுரங்கத் தண்ணீரை இறைத்தது. ஆனால் நிலக்கரியை அள்ளித் தின்றது. ஜேம்ஸ் வாட் அதைத் திருத்தினார். அவரும் பங்காளி போல்ட்டனும் எஞ்சினுக்குக் கேட்ட கட்டணம் புதுமையானது: மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு. சுரங்கத்துக்கு இந்தக் கணக்குச் சரி. குதிரை பூட்டி ஆலை ஓட்டுபவனிடம் எதை வைத்துக் கட்டணம் கேட்பது? அவனிடம் மிச்சம் பிடிக்க நிலக்கரியே இல்லையே. அதனால் 1780களில் வாட் குதிரையையே அளவுகோல் ஆக்கினார். ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தலை ஓர் அடி உயர்த்தினால் ஒரு பரிவலு. நம்ம பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் 746 வாற்று இதுதான். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையில் சண்டை வராமல் இருக்கப் பிறந்த அலகு இது.

அலகு கிடைத்தது, சுழலும் தண்டை அளப்பது எப்படி? 1821இல் பிரான்ஸ் பொறியியலாளர் புரோனி வழி சொன்னார். தண்டைச் சுற்றி மரக்கட்டைகளை இறுக்கி, அதோடு ஒரு நீண்ட கையைப் பொருத்தி, அதன் நுனியில் எடை தொங்கவிட்டார். உராய்வு எஞ்சினைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். எடை அந்தக் கையைச் சமன் செய்யும். எடையும் கையின் நீளமும் முறுக்கு விசையைச் சொல்லும். அதைச் சுழலும் வேகத்தோடு சேர்த்தால் வலு வந்துவிடும். பெரிய எஞ்சின்களில் மரக்கட்டை கருகியது. 1877இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட் கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரைப் பயன்படுத்தி, கப்பல் எஞ்சின்களை அளக்கும் கருவியை உருவாக்கினார்.

இன்று பைக்குக்குப் பயன்படும் டைனோக்களில் ஒரு வகை இன்னும் எளிது. பின் சக்கரத்தைப் பாரமான இரும்பு உருளை மேல் ஏற்றி, திரொட்டிலை முழுதாகத் திறப்பார்கள். உருளையின் பாரம் தெரியும். அது எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது என்பதைக் கணினி பார்க்கிறது. மிச்சம் கணக்கு.

கருவி நேர்மையாக இருந்தாலும் எண்ணை வைத்து ஏமாற்ற முடியும். அமெரிக்கக் கார் நிறுவனங்கள் பல காலமாக, சைலன்சர், டைனமோ போன்றவை இல்லாத வெற்று எஞ்சினை அளந்து விளம்பரம் செய்தன. 1972 மொடல்களில் எல்லாவற்றையும் பொருத்தி அளக்கும் முறை வந்தது. எஞ்சின் மாறாமலே பரிவலு தடாலென்று இறங்கியது! இன்றும் கம்பனி சொல்வது எஞ்சின் தண்டின் வலு. செயினும் கியரும் தின்றது போக, பின் சக்கரத்தில் கிடைப்பது அதைவிடக் குறைவு. காற்றின் வெப்பமும் அழுத்தமும்கூட எண்ணை மாற்றும். நுவரெலியாவில் காற்று ஐதானதால் அதே பைக் கேகாலையில் காட்டும் வலுவைக் காட்டாது.

இப்போது நம்ம பைக்குக்கு வருவோம். ஹீரோ ஸ்பிளெண்டரின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., கொள்ளளவு 97.2 சி.சி. ஒரு மி.மீ. ஓவர்சைஸ் போட்டால் 51 மி.மீ. பரப்பு கூடுவது நூற்றுக்கு 4 தான். சுமார் 101 சி.சி. ஆகும். "பைக் பறக்குது" என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம், தேய்ந்த சிலிண்டரில் போன கொம்பிரஷன் திரும்பி வந்ததுதான். சைலன்சரைத் திறந்துவிட்டால் கூடுவது முதலில் சத்தம். ஜெட் மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டினால் கலவையில் பெற்றோல் குறைந்து, சூடேறி, பிஸ்டனே பிடித்துக்கொள்ளலாம்.

நமக்கு எவ்வளவு வலு தேவை? பைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறும் தோட்டப் பாதையில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால், செக்கனுக்கு ஒரு மீற்றர் உயர்கிறோம். பாரத்தைத் தூக்க மட்டும் 2.45 கிலோவாற்று, அதாவது சுமார் 3.3 பரிவலு போதும். 1867இல் கண்டிக்கு ரயில் பாதை திறந்தபோது கடுகண்ணாவை ஏற்றத்துக்கும் இதே கணக்குத்தான். சுமார் 45க்கு 1 சரிவு. ஒரு எஞ்சினால் முடியாத பாரத்துக்கு ரம்புக்கனையில் இன்னொரு எஞ்சினைப் பூட்டினார்கள். 1934இல் நுவரெலியாவில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும், மலையையும் கடிகாரத்தையும் வைத்து வாகனத்தை அளப்பதுதான்.

ஏறிய பைக் இறங்கவும் வேண்டும். எஞ்சினுக்குக் காசு போடும் பிள்ளைகள் பிரேக்கைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். வேகம் 40இலிருந்து 60 ஆனால், அது ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. பெற்றோர் இந்தக் கணக்கை வீட்டில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

தம்பிமாரே, எஞ்சின் வேலை செய்வதை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல தொழில், நல்ல அறிவு. ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் கொம்பிரஷன் அளந்து, இரண்டு எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று நீங்களும் குறித்து வையுங்கள். பரிவலுக் கணக்குச் சொல்லி விற்றால் டைனோ அறிக்கையைக் கேளுங்கள். அதில் பின் சக்கர வலுவா, எஞ்சின் வலுவா என்றும் பாருங்கள். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதினால் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும்.