வெளி மாநிலத்து மாணவனுக்கு 1,500 ரூபாய்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 'அவுட் ஆஃப் ஸ்டேட் ஃபீஸ்' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அரசுப் பல்கலைக்கழகம்தான், ஆனால் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர் பிள்ளைக்கு ஒரு கட்டணம், பக்கத்து மாநிலத்திலிருந்து வருபவர் பிள்ளைக்குப் பல இடங்களில் இரண்டு மூன்று மடங்கு. "ஒரே நாட்டுக்குள் இது என்ன அநியாயம்!" என்று நம்மவர்கள் அங்கலாய்ப்பார்கள். இதே அங்கலாய்ப்பு நம் உச்ச நீதிமன்றத்துக்கு 1955ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தீர்ப்பை எழுதியவரும் நம்மவர்தான்.

இந்தூரில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரி என்று ஒன்று உண்டு. அப்போது இந்தூர், மத்திய பாரதம் என்ற மாநிலத்தில் இருந்தது. குவாலியர், இந்தூர் முதலிய சமஸ்தானங்களைச் சேர்த்து 1948இல் உருவான மாநிலம் அது. டெல்லியைச் சேர்ந்த டி.பி. ஜோஷி என்ற மாணவர் 1952 ஜூலையில் அந்தக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். படிப்புக் கட்டணம் போக, ஆண்டுக்கு 1,500 ரூபாய் 'கேபிடேஷன் ஃபீஸ்' என்று அவரிடம் வாங்கினார்கள். மத்திய பாரதத்தின் உண்மையான குடிகளுக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

1,500 ரூபாய் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று ஒரு பவுன் 65 ரூபாய் அளவில் இருந்தது. ஆண்டுக்கு இருபது பவுனுக்கு மேல் ஆகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வருஷச் சம்பளம் அவ்வளவு வராது. இரண்டு வருஷம் கட்டிய 3,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், மூன்றாம் வருஷத்துக்குக் கேட்கக் கூடாது என்று ஜோஷி நேராக உச்ச நீதிமன்றம் போனார்.

அவர் நம்பியது அரசியல் சட்டத்தின் 14, 15ஆம் பிரிவுகளை. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாக்கி அரசு யாரிடமும் வேற்றுமை காட்டக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். 1955 ஜனவரி 27 அன்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜோஷி தோற்றார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். கச்சேரி கேட்கும் அன்பர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதத்தில் தெரிந்திருக்கும். தீட்சிதர் கீர்த்தனைகளில் கரை கண்டவர், 1944இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, டி.கே. பட்டம்மாளுக்குத் தீட்சிதர் கிருதிகளைச் சொல்லிக் கொடுத்தவர். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து 1954இல் டெல்லி போனார்.

அவர் சொன்னது இதுதான். பிறந்த இடம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு. சட்டம் தடுப்பது முதலாவதை. இந்த விதி பார்ப்பது இரண்டாவதை. மாநிலம் தன் பணத்தைப் போட்டு ஒரு கல்லூரியை நடத்தும்போது, அதன் பலன் ஓரளவாவது தன் மக்களுக்குச் சேர வேண்டும் என்று நினைப்பது நியாயமே. வாதத்தில் ஓட்டை இல்லை என்றுதான் முதலில் தோன்றும். வேலைவாய்ப்பு பற்றிய 16ஆம் பிரிவில் 'வசிக்கும் இடம்' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது, 15ஆம் பிரிவில் அது இல்லை.

ஆனால் அந்த விதியில் 'உண்மையான குடி' யார் என்று பாருங்கள். பூர்வீக இருப்பிடம் மத்திய பாரதமாக இருந்து, வேறிடத்துக்குக் குடிமாறாதவர். இல்லையென்றால் அங்கே குடிபுகுந்து ஐந்து வருஷம் வசித்தவர். பூர்வீக இருப்பிடம் என்பது பெற்றோர் வழியாகப் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருவதுதானே? முன்வாசலில் துரத்திய பிறப்பு, கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது என்பது என் எண்ணம். ஐவரில் நீதிபதி ஜகந்நாததாஸ் ஒருவர்தான் இந்த விதி செல்லாது என்று தனியாக எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை. தீர்ப்பு வந்து இருபத்தோரு மாதத்தில், 1956 நவம்பர் 1 அன்று, மத்திய பாரதம் என்ற மாநிலமே இல்லாமல் போயிற்று. மத்தியப் பிரதேசத்தில் கரைந்தது. முந்தின நாள் வரை இந்தூருக்கு வெளி மாநிலமாக இருந்த போபால், மறுநாள் தலைநகரம்! நமக்கும் இது புதிதல்ல. 1953 அக்டோபரில் நெல்லூர்க்காரர் சென்னை மாநிலத்துக்கு அந்நியரானார். அதே 1956 நவம்பர் 1இல் நாகர்கோவில்காரர் நம்மவர் ஆனார். ஆள் அங்கேயேதான் இருந்தார்.

அந்தத் தீர்ப்பின் நிழல் நீண்டது. 1989இல் கர்நாடக அரசு தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு கட்டண அட்டவணை போட்டது. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், மற்ற கர்நாடக மாணவருக்கு 25,000, வெளி மாநிலத்தவருக்கு 60,000. உத்தரப் பிரதேசத்து மோகினி ஜெயின் அதை எதிர்த்து வழக்குப் போட்டு 1992இல் ஜெயித்தார். கேபிடேஷன் ஃபீஸ் சட்ட விரோதம் என்றது நீதிமன்றம். மறு வருஷமே உன்னிகிருஷ்ணன் வழக்கில் அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், அது வேறு கதை.

இடங்களைப் பொறுத்தவரை, 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி, இந்தியாவில் மாநிலத்துக்கு ஒரு 'டொமிசைல்' கிடையாது, நாட்டுக்கே ஒன்றுதான் என்று எழுதினார். ஆனாலும் எம்.பி.பி.எஸ். இடங்களில் 70 சதவீதம் வரை உள்ளூருக்கு ஒதுக்கலாம் என்றார். அகில இந்தியப் பங்கு பிறகு 15 சதவீதமாகச் சுருங்கியது. 2025 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பில் இருப்பிடத்தை வைத்து இட ஒதுக்கீடு செல்லாது என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அந்த வேலி இன்றும் உண்டு. அப்பாவின் உத்தியோகத்துக்காக புனேயிலும் நாக்பூரிலும் பள்ளிப் படிப்பை முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள், தமிழ்நாட்டுக்காரர்தான் என்று நிரூபிக்க ஜூன் மாத வெயிலில் நேட்டிவிட்டி சர்டிபிகேட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள்.